ஐந்தாவது மைதானம்

1964ஆம் வருஷம், பிப்ரவரி மாதம். கான்பூரில் நடக்கிற டெஸ்ட் மேட்ச் பார்க்க பம்பாய் தாதரில் ரயிலேறினேன். இரண்டு பேராகக் கிளம்பினோம், நான் மட்டும் போய்ச் சேர்ந்தேன். இதை இத்தனை வருஷமாக என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மாதுங்காவில் அம்மா, தம்பியோடு குடியிருந்தேன். ரயில்வேயில் குமாஸ்தா வேலை. என் சிநேகிதன் தாராவியில் ஒரு தோல் கிடங்கில் வேலை பார்த்தான், திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். சர்ச்கேட்டில் டெஸ்ட் மேட்சுக்கு டிக்கெட் வாங்க நின்ற வரிசையில் முன்னும் பின்னுமாக நின்று பழக்கமானோம். ஆபீஸில் எல்லோரும் ஸ்கோர்தான் பேசுவார்கள். இவன் ஆட்டத்தைப் பேசுவான். பந்து போடுகிறவரின் தோளைப் பார்த்தே அடுத்த பந்து எங்கே விழும் என்று சொல்லுவான். பாதிக்கு மேல் சரியாகவே இருக்கும்.

அந்த வருஷங்களில் நம் நாட்டில் டெஸ்ட் நடக்கிற ஊர்கள் ஐந்து. பம்பாய், டெல்லி, கல்கத்தா, சென்னை, கான்பூர். ஐந்து மைதானங்களையும் பார்த்துவிடுவது என்று கையடித்துக்கொண்டோம். இருவரும் சேர்ந்து பார்த்தால்தான் கணக்கு, தனியாகப் போனால் சேராது. இந்த விதியைப் போட்டவன் நான்தான்.

ரயிலுக்கு வழி என்னிடம் இருந்தது. அப்பா காலமாகிவிட்டதால், படித்துக்கொண்டிருந்த என் தம்பியின் பெயரும் என் இலவசப் பாஸில் வரும். தம்பிக்குக் கிரிக்கெட் என்றால் வேப்பங்காய். அவன் பெயரில் சிநேகிதனை ஏற்றிக்கொண்டேன். தப்புதான். ஊரில் யார் செய்யவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பாஸில் தம்பிக்கு வயது பதினெட்டு. இவனுக்கு இருபத்து நாலு, அதுவும் முறுக்கு மீசை. ஆகவே ஒவ்வொரு பயணத்துக்கும் மீசையை எடுத்துவிட்டு வருவான். எங்கள் வீட்டில் அது ஒரு விஷயமே இல்லை. அவர்கள் பக்கத்திலோ தகப்பன் செத்தால்தான் மீசையை எடுப்பார்கள். அப்பா குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்க மகன் மழித்துக்கொண்டு வந்து நின்றால் எந்த அம்மா சும்மா இருப்பாள்? டெல்லிக்கும் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் ஏச்சு வாங்கிக்கொண்டுதான் வந்தான். வாய்க்கு வந்த ‘அண்ணாச்சி’யை விட்டுவிட்டு ‘அண்ணா’ என்று கூப்பிடவும் அவனைப் பழக்கியிருந்தேன்.

கான்பூருக்கு மட்டும் மீசையோடு வந்தான். தாதர் பிளாட்பாரத்தில் அவனைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது.

“வைகாசியில கல்யாணத்துக்கு நாள் குறிச்சாச்சுலா. இப்பப் போயி எடுத்தா எங்கம்மா தாங்க மாட்டா. இந்த ஒரு தடவ விடு” என்றான்.

கல்யாண் ஸ்டேஷன் தாண்டும்வரை முகம் கொடுத்துப் பேசாமல் வந்தேன். அப்புறம் அவனே ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டான்.

மறுநாள் மதியம், இட்டார்சிக்கு முந்தின ஸ்டேஷனில் என் கூஜாவை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்க இறங்கினான். அந்த நேரம் பார்த்து டிக்கெட் பரிசோதகர் ஏறினார். பாஸை வாங்கிப் பார்த்துவிட்டு, இந்தத் தடத்தில் பொய்ப் பாஸ் நிறையப் பிடிபடுகிறது, போன மாதம்கூட ஒருவருக்கு வேலை போயிற்று என்று பேச்சுவாக்கில் சொன்னார். பிறகு தம்பி எங்கே என்று கேட்டார். அந்த மீசைதான் கண்முன் வந்தது. தம்பிக்குக் காய்ச்சல், வரவில்லை என்றேன். அவர் அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவரோ எதிரே உட்கார்ந்து, தம்பி வரவில்லை என்று பாஸில் நிதானமாக எழுத ஆரம்பித்தார். ரயில் நகர்ந்தது. ஓடி வந்து ஏறிய சிநேகிதன் மூச்சு வாங்க என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

பரிசோதகர் அவனிடம் டிக்கெட் கேட்டார். அண்ணனிடம் இருக்கிறது என்று இந்தியில் சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

இவனை எனக்குத் தெரியாது என்று சொன்னேன். நல்ல இங்கிலீஷில், தடுமாறாமல் சொன்னேன்.

அவன் என்னை ஒருமுறை பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பிறகு பரிசோதகரிடம், தான் டிக்கெட் எடுக்கவில்லை என்றும், இந்த சார் தண்ணீர் பிடித்து வரச் சொன்னார், அவ்வளவுதான் பழக்கம் என்றும் சொன்னான். கூஜாவின் மூடியைத் திருகி என் காலடியில் வைத்தான். என் சலவைச் சட்டையையும் அவன் கசங்கிய சட்டையையும் பார்த்த பரிசோதகருக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

இட்டார்சியில் அவனை இறக்கிப் போலீஸ்காரரிடம் ஒப்படைத்தார்கள். ரயில் வெகுநேரம் நின்றது. இறங்கிப் போய் அபராதத்தைக் கட்டியிருக்கலாம். தெரியாதவனுக்கு ஏன் கட்டுகிறாய் என்று கேட்பார்களே என்று ஜன்னலோரம் உட்கார்ந்தே இருந்தேன். பெஞ்சுக்கு அடியில் அவன் துணிப்பை கிடந்தது. அவன் அம்மா இரண்டு பேருக்கும் கட்டிக் கொடுத்த புளிச்சோறு அதில் இருந்தது. சாயங்காலம் பசித்தது. பிரித்துத் தின்றேன்.

கான்பூரில் ஐந்து நாளும் மேட்ச் பார்த்தேன். டிரா.

அபராதம் கட்ட வழியில்லாமல் அவன் சில நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தான் என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஒரு மாதம் கழித்துத்தான் தாராவிக்குப் போக எனக்குத் தைரியம் வந்தது. பெண் வீட்டார் பக்கத்துச் சந்திலேயே இருந்தார்கள். ஜெயிலுக்குப் போனவனுக்குப் பெண் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அவன் அம்மா எனக்கு டீ கொடுத்துவிட்டு அழுதாள்.

“ஒங்களுக்குக் கடைசி நேரத்துல லீவு கெடைக்கலன்னு தனியால்லா போயிருக்கான். நீங்க கூட இருந்திருந்தா இப்படி வுட்டிருப்பீங்களா?”

திரும்பி வந்ததும் வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தான். நான் டீயைக் குடித்து முடித்தேன்.

கிளம்பும்போது அவன் சந்து முனைவரை கூட வந்தான். மீசை அப்படியே இருந்தது. மன்னிப்புக் கேட்க நான் வாயெடுப்பதற்குள், “கான்பூர் கிரவுண்டு எப்படி இருந்துச்சு?” என்று கேட்டான். நான் ஒரு மடையன். சுற்றி மரங்கள், குளிர்கால வெயில், பந்து எழும்பவே இல்லை என்றெல்லாம் சொன்னேன். கடைசிவரை கவனமாகக் கேட்டான்.

“அப்ப ஒங்களுக்கு அஞ்சும் முடிஞ்சிட்டு, சார்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான்.

அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. எத்தனை மைதானம் பார்த்திருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் நாலு என்றுதான் சொல்கிறேன். நான் பயந்து காப்பாற்றிய வேலையில் மேலும் முப்பத்திரண்டு வருஷம் இருந்து, மாலை மரியாதையோடு ஓய்வும் பெற்றேன். அன்றைக்கு அந்த வேலை போயிருந்தால் வேறொன்று கிடைத்திருக்கும் என்பது இப்போது எனக்கு நன்றாகத் தெரிகிறது.