சித்தப்பாவுக்கு வந்த த்ரீ ஃபேஸ்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்வதில்லை. ஒரே வீடு, ஒரே கூடம், சாப்பாடும் ஒரே அடுப்பில்தான். பேச்சு மட்டும் என் வழியாகப் போய் வந்தது. பேங்க் பரீட்சைக்காக அப்பா தஞ்சாவூரில் சேர்த்துவிட்ட வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, சித்தப்பா கல்யாண வீடியோ எடுக்கக் கிளம்பியதுதான் காரணம். "ஊரான் கல்யாணத்துக்கு லைட் புடிக்கிறதெல்லாம் ஒரு வேலையான்னு அவன்கிட்ட கேளு" என்று அப்பா சொன்ன அன்று எனக்கு அந்த உத்தியோகம் கிடைத்தது.

பக்கத்திலேயே உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருக்கும் சித்தப்பாவிடம் போய் அதை அப்படியே ஒப்பிப்பேன். அவரும் அப்போதுதான் கேட்பவர் மாதிரி முழுக்கக் கேட்டுவிட்டுப் பதில் கொடுத்தனுப்புவார். இதில் எனக்கென்று ஒரு விதி வைத்திருந்தேன். 'சொல்லு', 'கேளு' என்று முடிகிற பேச்சைத்தான் எடுத்துப் போவேன். மற்றது என் வேலை இல்லை.

மாடி அறையில் சித்தப்பாவின் கம்ப்யூட்டர் இருந்தது. ஒவ்வொரு பாகமாகத் தேடி வாங்கி அவரே பூட்டியது. பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் போட்டிருந்தார். ஒரு பழைய டேபிள் ஃபேன் எப்போதும் அதன் வயிற்றைப் பார்த்துச் சுழன்றுகொண்டிருக்கும். அந்த வருடம் வீடியோ வேலைக்காக அதற்குள் புதிதாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டைச் சொருகினார். அன்றைக்குப் பிடித்தது வினை. மேலத்தெருக் கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை அழைப்பு ஒழுங்காக ஓடும். மாலை மாற்றுவது ஓடும். தாலி கட்டும் இடத்தில் ரோஜா இதழ்கள் கொட்டுவதாகவும் புறாக்கள் பறப்பதாகவும் சித்தப்பா ஜோடித்து வைத்திருந்தார். அந்தப் புறா கிளம்பியதுமே திரை இருண்டு பெட்டி அடங்கிவிடும்.

மேலத்தெரு மாப்பிள்ளை சிங்கப்பூருக்குத் திரும்பும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாண வீடியோ கையில் இல்லாமல் விமானம் ஏறமாட்டேன் என்கிறான் என்று அவனுடைய தகப்பனார் எங்கள் வாசலுக்கு நடக்க ஆரம்பித்தார். அவரைச் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஏன் இவ்வளவு லேட்டாவுதுன்னு அவன்கிட்ட கேளு."

மாடிக்கு ஓடினேன். சித்தப்பா திரும்பாமலே, "பவர் சப்ளை பத்தலை, இதைவிடப் பெருசா மாத்தணும்னு சொல்லு" என்றார்.

வந்து சொன்னேன். அப்பாவின் முகம் சுருங்கிப்போயிற்று. எங்கள் தெருவுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வந்ததே அவர் ஈ.பி. ஆபீசுக்கு நடையாய் நடந்ததால்தான். "நான் கொண்டாந்த கரண்டு பத்தலையாமா?" என்று முனகினார். அதில் 'சொல்லு' இல்லாததால் நான் எடுத்துப் போகவில்லை.

மறுநாளிலிருந்து சித்தப்பா வேலை செய்யும் நேரத்தில் வீட்டில் வேறெதுவும் ஓடக்கூடாது என்றாயிற்று. ஃபிரிட்ஜ் நின்றது. அம்மா கிரைண்டரைப் போட்டால், "மேல வேலை நடக்குதுல்ல" என்று அப்பா வந்து அணைத்தார். ஃபேன் இல்லாமல் வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டோம். புறா பறக்கவில்லை. பெரிய ஸ்டெபிலைசர் ஒன்று வந்து மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து உறுமியது. அப்போதும் பறக்கவில்லை.

கடைசியில் அப்பா மறுபடியும் ஈ.பி. ஆபீசுக்குக் கிளம்பினார். வயல் மோட்டாருக்கு இருப்பதுபோல வீட்டுக்கும் த்ரீ ஃபேஸ் வேண்டும் என்று கேட்டாராம். வீட்டுக்கு எதற்கு என்றதற்கு, "தம்பி தொழில் பண்றான்" என்றாராம். இதை லைன்மேன் சொல்லி அம்மாவுக்குத் தெரிந்தது.

ஏணி வந்தது, தடித்த வயர் வந்தது, புது மீட்டர் வந்தது. சித்தப்பா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏசி மாட்டப் போறாரு போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதிலும் 'சொல்லு' இல்லை.

கனெக்ஷன் கொடுத்த அன்று அப்பா குளித்து விபூதி பூசி, மெயின் சுவிட்சுக்குச் சூடம் காட்டிப் போட்டார். "இப்ப ஓட்டிப் பாக்கச் சொல்லு" என்றார். சித்தப்பா ஒன்றும் புரியாமல் ஓட்டினார். நாங்கள் படிக்கட்டில் காத்திருந்தோம். நாதஸ்வரம் கேட்டது. கெட்டிமேளம் எழுந்தது. பட்டென்று நின்றது.

அந்த வருடத்தில் முதல்முறையாக அப்பா மாடி அறைக்குள் போனார். என்னைத் தாண்டி, நேராகவே கேட்டார்.

"இன்னும் எவ்வளவு கரண்டுதாண்டா வேணும் உனக்கு?"

சித்தப்பா எழுந்து நின்றார். "கரண்டா? கரண்டு நிறைய இருக்குண்ணே."

"பவர் சப்ளை பத்தலைன்னியே."

சித்தப்பா பெட்டிக்குள் கையை விட்டு, மூலையில் டிபன் பாக்ஸ் அளவில் இருந்த ஒரு தகர டப்பாவைத் தொட்டுக் காட்டினார். "பவர் சப்ளைங்கிறது இதுண்ணே. புது கார்டுக்கு இது பத்தலை."

அப்பா டப்பாவைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பளபளத்த புது வயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தைகூட மாற்றிச் சொல்லவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இது எங்கடா கிடைக்கும்?"

"தஞ்சாவூர்ல."

"சட்டையைப் போடு."

இரண்டு பேரும் ஒரே வண்டியில் போனார்கள். சாயங்காலம் வாசலில் இறங்கும்போதே, எந்த ரோட்டில் வந்திருக்க வேண்டும் என்று நேருக்கு நேர் சண்டை. நான் ஓடிப்போய் நடுவில் நின்றேன். யாரும் என்னிடம் எதையும் கொடுத்தனுப்பவில்லை. இரண்டு பேரிடமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

புது டப்பாவைப் பூட்டி ஓட்டியதும் தாலி ஏறியது, இதழ்கள் கொட்டின, புறா திரையைவிட்டே பறந்து போயிற்று. சிங்கப்பூர் மாப்பிள்ளை பெட்டி கட்டுவதற்குள் வீடியோ அவன் கைக்குப் போய்விடும் என்று உறுதியாயிற்று. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். அப்பா வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து ஓட்டச் சொன்னார். மணப்பெண்ணின் தகப்பனார் யாருக்கும் தெரியாமல் தூண் மறைவில் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் இடம் வந்தது.

"இதை நீயாடா எடுத்த?"

"ஆமாண்ணே."

அப்பா நாற்காலியை இன்னும் கிட்டே நகர்த்திக்கொண்டார். பந்தி, மொய், மறுவீடு என்று எல்லாவற்றையும் பார்த்தார். சித்தப்பா சுவரில் சாய்ந்து நின்றபடி, திரையைப் பார்க்காமல் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புது டப்பா சூடு தாங்குகிறதா என்று சோதிக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். எனக்கோ பசி. "அதான் தாங்குதேப்பா, சாப்பிட வாங்க" என்று கதவருகில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.