பனியில் கட்டிய கிரேக்க அரங்கு

அது பெப்ரவரி மாதத்துப் பள்ளி விடுமுறை. நாள் செவ்வாய்க்கிழமை என்றே முடிவு செய்திருக்கிறேன். மதியம் மரக்கறிச் சாப்பாடு. ஆகவே செவ்வாய் அல்லது வெள்ளி. வெள்ளியில் மாமாவுக்கு ஹோட்டலில் வேலை; அன்றோ அவர் வீட்டில் இருந்தார்.

சுவிட்சர்லாந்தின் கூர் நகரில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு சரிவு. அன்று அது முழங்காலளவு பனியில் கிடந்தது. எனக்குப் பதினொரு வயது. நூலகப் புத்தகமொன்றில் பிரியேனே என்ற பழைய கிரேக்க நகரின் அரங்கைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு நினைவில்லை. மலைச்சரிவைக் குடைந்து, அரைவட்டத்தைச் சற்றுத் தாண்டி வளைந்த இருக்கை வரிசைகள்; கீழே நடுவில் வெறுந்தரை; அதன் பின்னே தூண்கள் தாங்கிய உயர்ந்த மேடை. அலெக்சாந்தருக்குப் பிந்திய நூற்றாண்டுகளில் நடிகர்கள் தரையை விட்டு அந்த மேடைக்கு ஏறினார்கள் என்றும், நல்ல அரங்கில் கீழே முணுமுணுத்தாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் என்றும் அதில் எழுதியிருந்தது.

மாமாவின் மகள், என் மச்சாள், முந்தைய ஆண்டுதான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தாள். வகுப்பில் யார் கேட்டாலும் வாய் அசையும், சத்தம் வராது. விடுமுறை முடிந்ததும் அவள் தன்னைப் பற்றி வகுப்பின் முன் ஜெர்மன் மொழியில் பேசவேண்டும். இல்லாவிட்டால் ஒரு வகுப்புக் கீழே இறக்க ஆசிரியை யோசித்திருந்தார். முணுமுணுப்பே போதுமான ஓர் அரங்கைக் கட்டினால் தீர்ந்தது என்று நான் நினைத்தேன்.

மாமா பனி அள்ளும் சவலோடு வந்து படத்தைப் பார்த்தார்.

"இவ்வளவு கட்டினவங்கள் கூரையை மறந்திட்டாங்களோ?"

"அங்க மழை குறைவு, மாமா."

"அப்ப மறக்கேல்லை, மிச்சம் பிடிச்சிருக்கிறாங்கள்."

பொழுது சாய்வதற்குள் வரிசைகள் எழுந்தன. மேடைக்கு இறுக்கிய பனித்திட்டு; அதன் முன்னே தூண்களுக்கு வெறும் பால்பெட்டிகள். நானும் மாமாவும் பிளாஸ்டிக் பைகளை விரித்து மேல் வரிசையில் உட்கார்ந்தோம். மச்சாள் தரையில் நின்றாள். உதடுகள் அசைந்தன.

"கேக்கேல்லை," என்றேன். மறுபடி அசைந்தன. "இன்னும் கேக்கேல்லை."

"எனக்கும் கேக்கேல்லை, பிள்ளை," என்றார் மாமா.

புத்தகத்தின் மேலிருந்த நம்பிக்கையில் நான் விடவில்லை. நாலாந்தரம் சொன்னபோது அவள் ஒரு பால்பெட்டியை உதைத்துவிட்டு மேடைமேல் ஏறினாள். பெயர், வயது, தெரு, பிடித்த பாடம், எல்லாவற்றையும் ஜெர்மனில் கத்திமுடித்துத் தமிழுக்கு வந்தாள்.

"இப்ப கேக்குதோ, செவிட்டுக் கூட்டமே?"

இரண்டாம் மாடியில் மேசைவிரிப்பை உதறிக்கொண்டிருந்த சுவிஸ் பெண்மணி, தனக்கு நன்றாகக் கேட்டதாக ஜெர்மனில் சொன்னார். மச்சாள் அவருக்கும் உரக்கவே நன்றி சொன்னாள்.

எனக்கோ அழுகை வந்தது. கல் சத்தத்தைத் திருப்பித் தரும், பனி விழுங்கிவிடும் என்பதைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். அன்று தெரிந்ததெல்லாம் என் அரங்கு தோற்றுவிட்டது என்பதுதான்.

மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தால் மாமா சரிவில் நிற்கிறார். கடைசி வரிசைக்கும் மேலே, புதிதாக ஒரு வரிசை வெட்டிக்கொண்டிருந்தார்.

"அங்க இருந்தா இன்னும் கேக்காது, மாமா," என்றேன்.

"ஓம், கேக்காது," என்றார், சவலை நிறுத்தாமல்.

சொன்னாலும் விளங்காத மனிதர் என்று நினைத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தினேன்.