அம்புன் என்ற பெயரை விட்டுக்கொடுத்தவள்

அம்புன் என்றால் எங்கள் பேச்சில் விடியற்காலைப் பனிமூட்டம். அந்தப் பெயரை முதலில் வாங்கியவள் பிறந்த அன்று பகைவர் படகுகள் ஆற்றில் ஏறி வந்தன. பச்சை உடம்புக்காரி பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு கரைப் புதருக்குள் பதுங்கியிருந்தாள். அப்போது ஆற்றின் மேல் பனி இறங்கி, நீட்டின கை தெரியாதபடி மூடிவிட்டதாம். துடுப்புச் சத்தம் பக்கத்தில் வந்து, பிறகு தூரமாகப் போயிற்று. பிள்ளை சிணுங்கவும் இல்லை. காப்பாற்றிய பனியின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள்.

அவளுடைய தம்பியின் கொள்ளுப்பேத்தி இரண்டாவது அம்புன். நூலுக்குச் சாயம் ஏற்றுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பிள்ளை பிறந்தாலும் பெரியவர் செத்தாலும் அவள் நெய்த துணியைத்தான் விரிப்பார்கள். மூன்றாவது அம்புன் அவள் மகன் வழி. மலைநெல் பொய்த்த வருஷம் காட்டில் சேகோ மரம் வெட்டி மாவு இடித்து, ஊரே ஒரே கூரையின் கீழ் வாழும் எங்கள் நீள்வீட்டில் இருந்த அத்தனை குடும்பத்துக்கும் கஞ்சி ஊற்றினாள்.

நாலாவது அம்புன் அந்த மூன்றாமவளின் பேத்தி. பெயர் சொல்லும்படி அவள் ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் வம்ச வரிசை சொல்லிக்கொண்டு போகும்போது அவள் வரும் இடத்தில் என் நாக்கு நின்றுவிடுகிறது.

அவளுக்கு ஒரே தங்கை, மிண்டு. அக்காள் ஆசை வைத்தது லந்திங் என்பவன் மேல். வயதில் இவளுக்குச் சமம்தான். ஆனால் முறைக்கு அவன் சித்தப்பா. இவள் அப்பனுடைய பாட்டியும் அவனுடைய பாட்டியும் கூடப்பிறந்தவர்கள். தலைமுறை மாறிக் கட்டினால் நெல் கருகும், வெள்ளம் வரும் என்பார்கள். பன்றி வெட்டி ரத்தம் தெளித்துக் கழித்துக் கட்டிக்கொண்டவர்களும் உண்டு. இவள் அப்பன் அதற்கு ஒப்பவில்லை.

ஒரு காலையில் அம்புன் மிளகுக் கூடையோடு கடைத்தெருவுக்குப் போகும் படகில் ஏறினாள். இரண்டு வளைவு தாண்டி, கூடையைப் படகிலேயே விட்டுவிட்டு இறங்கிக்கொண்டாள். அங்கே லந்திங் காத்திருந்தான். படகு மேலே போய்ப் பாறைச் சுழலில் கவிழ்ந்தது. படகோட்டி உட்பட ஒருவரும் பிழைக்கவில்லை. சில உடல்கள் கிடைத்தன, சிலது கிடைக்கவில்லை. அவளுடைய கூடை மிதந்து வந்து கரை ஒதுங்கியது.

படகு கவிழ்ந்தது அவளுக்குத் தெரியாது. அவள் படகிலிருந்து இறங்கினது இவர்களுக்குத் தெரியாது. லந்திங் கூலி வேலைக்கென்று சொல்லி முன்பே ஊரைவிட்டுப் போயிருந்ததால் அவனை இதோடு சேர்த்து யாரும் நினைக்கவில்லை. இவர்கள் அழுது முடித்தார்கள். அவளோ கடலோரம் கடலோரமாகச் சபா மாநிலத்துக்குப் போய், கொக்கோத் தோட்டத்தில் காய் உடைத்துக்கொண்டு, அப்பனுடைய கோபம் இன்னும் தீரவில்லை, அதனால்தான் யாரும் தேடி வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இந்த நினைப்பிலேயே தலை நரைத்துப்போயிற்று.

லந்திங் இருமி இருமிச் செத்த பிறகுதான் அவள் புறப்பட்டாள்.

நீள்வீட்டின் ஏணிமரத்தில் அவள் ஏறியபோது நெடுங்கூடத்தில் பெண்கள் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். மிண்டு நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவள் பக்கத்திலிருந்த உப்பை அள்ளி அக்காள் முகத்தில் வீசினாள்.

“போ! வந்த வழியே போ! உனக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சு!”

“அடியே, கண்ணுல பட்டுடுச்சுடி! எரியுதுடி மிண்டு!”

ஒருத்தியும் நகரவில்லை. மூலையிலிருந்து சுலாவ் பேசினாள். அவள் எங்கள் வீட்டு ஒப்பாரிக்காரி. செத்தவர்களை மறுவுலகம் வரை பாடிக் கொண்டுபோய் விடுவது அவள் வேலை, அதனால் அவளுக்குப் பேயிடம் பயம் கிடையாது.

“பேய்க்கு நரைக்குமாடி? பல்லு விழுமா? இவளுக்கு முன்பல்லே இல்ல பாரு. தண்ணி குடு அவளுக்கு.”

மிண்டு அக்காளின் கையைத் தொட்டுப் பார்த்தாள். தோளைத் தொட்டாள். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் காய்ந்த நெல்லெல்லாம் கால்பட்டுச் சிதறிப்போயிற்று.

அம்மா எப்போது போனாள், அப்பா எப்போது போனார் என்று அன்றைக்குத்தான் அவள் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அம்மா குடுத்த கொம்புச் சீப்பு ஒண்ணு வச்சிருந்தேனே, அது இருக்கா?” என்றாள்.

“அத உனக்கே குடுத்துட்டோம்க்கா.”

உடல் இல்லாவிட்டாலும் இடுகாட்டில் அவளுக்கு ஒரு குடில் கட்டியிருந்தார்கள். அதற்குள் சீப்பு, பாவாடை, தறியில் நூலை அடிக்கும் கட்டை எல்லாம் போயிருந்தன. முன்னோர் விழா நடந்த வருஷம் அவளுக்கென்று சின்னக் கூடை முடைந்து, தாயின் கூடைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, கள் வார்த்து அனுப்பியும் வைத்துவிட்டார்கள். செத்தவர்களோடு நமக்குள்ள பற்று வரவு அத்துடன் முடிந்தது. அங்கே போன பொருளை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவது ஆகாது.

“என்னா மாதிரி கூடை முடைஞ்ச?” என்று கேட்டாள்.

“உனக்குப் புடிச்ச பூக்கோலம்தான். முடைய முடைய அழுதேன். கோணலாப் போச்சு.”

“நீ எதத்தான் கோணலில்லாம முடைஞ்ச?” என்றாள் அக்காள். இருவரும் சிரித்தார்கள்.

மறுநாள் குளிதுறையில்தான் விஷயம் வெளிப்பட்டது. மேலே கூடத்திலிருந்து மிண்டுவின் மகள் உஞ்சி கூப்பிட்டாள். “அம்புன்! அம்புன்!”

“என்னா?” என்றாள் தண்ணீருக்குள் நின்ற கிழவி.

“என்னா?” என்றது அவளுக்குப் பக்கத்தில் முங்கி எழுந்த ஒரு சின்னப் பெண்.

துறையில் துவைத்துக்கொண்டிருந்த பெண்களின் கை அப்படியே நின்றது.

உஞ்சியின் மகள் அவள். பிறந்தபோது லெமோக் என்றுதான் பெயர் வைத்தார்கள். பால் தங்கவில்லை, வலிப்பு வந்தது. பெயர் ஒத்துக்கொள்ளவில்லை, மாற்றுங்கள் என்றார்கள் பெரியவர்கள். வம்சத்தில் செத்துப்போன பெண்களின் பெயருக்கு ஒன்றாகச் சோற்றுருண்டை பிடித்து வரிசையாக வைத்துச் சேவலை விட்டார்கள். சேவல் மூன்றாவது அம்புனையும் நாலாவது அம்புனையும் நினைத்துப் பிடித்த உருண்டையைத்தான் கொத்தியது. அன்று முதல் பிள்ளை பால் குடித்தது, நடந்தது, மரமேறியது. பெரியம்மாளே வந்து காப்பாற்றினாள் என்று மிண்டு சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

உயிரோடிருப்பவர் பெயரைப் பிள்ளைக்கு வைக்க மாட்டோம். ஒரு பெயரை இரண்டு பேர் சுமந்தால் இரண்டில் ஒன்று சாயும். தெரிந்து ஒருவரும் இதைச் செய்ததில்லை. தெரியாமல் செய்து மாட்டிக்கொண்டது எனக்குத் தெரிந்து இவர்கள்தான்.

அந்த வாரத்திலேயே குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. மருந்தகத்து மாத்திரை கொடுத்தார்கள், இறங்கியது. மறுபடி ஏறியது.

கூடத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. “வந்ததும் வந்தா, பிள்ளையப் புடிச்சுக்கிட்டா.” “செத்த இடத்திலயே இருந்திருக்கலாம்.” காதில் விழும்படிதான் பேசினார்கள். அம்புன் மரவள்ளிக் கீரையை இடித்துக்கொண்டே இருந்தாள். கீரை கூழாகிப்போன பிறகும் உலக்கை நிற்கவில்லை. குழந்தை இருந்த அறைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள்.

வீட்டுத் தலைவர் மெர்தான் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்தார். பொறுமையான மனிதர்.

“யாரு மேலயும் குத்தமில்ல. ஆனா ஒருத்தர் வழி விட்டாகணும். பிள்ளைக்கு வேற பேரு வைக்கிறதுதான் நியாயம். பேரு மூத்தவளோடது.”

உஞ்சி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். “ஒரு தடவ மாத்தியாச்சு, பெரியவரே. இன்னொரு தடவ மாத்தினா அவ உசிரு எந்தப் பேரக் கேட்டுத் திரும்பி வரும்? பெரியம்மா கோவிச்சுக்காதீங்க. எனக்கு இது ஒண்ணுதான்.”

எல்லாரும் மிண்டுவைப் பார்த்தார்கள். இந்தப் பக்கம் அக்காள், அந்தப் பக்கம் பேத்தி. மிண்டு பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள்.

அவள் சொல்ல வேண்டாம் என்றுதான் அக்காள் முந்திக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

“பிள்ளையே வச்சிக்கட்டும். நான் இத்தன வருசம் அந்தப் பேரத் தூக்கிட்டுத் திரிஞ்சேன். ஒரு பிரயோசனமும் இல்ல. அவளாவது நல்லா வாழட்டும்.”

“அப்ப உனக்கு?” என்றார் மெர்தான். “பேரில்லாம எப்படி? உருண்டை புடிப்போம், சேவலக் கொண்டாங்க.”

“பல்லு போன காலத்துல சேவல் கொத்தி எனக்குப் பேரா? அப்புறம் தொட்டில்லயும் போட்டு ஆட்டுவீங்களா?”

கூடமே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

“என்னை இண்டாய் ரிந்தான்னு கூப்பிடுங்க.”

இண்டாய் என்றால் அம்மா. பிள்ளை பெற்றவளை அந்தப் பிள்ளையின் பெயரோடு சேர்த்து அப்படித்தான் கூப்பிடுவோம். ரிந்தாவின் அம்மா.

“எந்த ரிந்தா?” என்றாள் மிண்டு.

“எனக்கொரு பொண்ணு பொறந்துச்சு. தோட்டத்துல. தவழ்ந்துச்சு, நிக்கல. அங்க உருண்டை புடிக்கவும் ஆளில்ல, அழவும் ஆளில்ல. நாங்களே பேரு வச்சோம், நாங்களே மண்ணத் தோண்டினோம்.”

ஒரு மூலையிலிருந்து யாரோ, “செத்த பிள்ளை பேராவா கூப்பிடறது?” என்று முனகினார்கள்.

“பிள்ளை செத்தா பெத்தது இல்லன்னு ஆயிடுமா?” என்றாள் அவள்.

மிண்டு எழுந்து வந்து அக்காளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வந்து சேர்ந்த நாளிலிருந்து தங்கைக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருந்த பிள்ளை அது. மெர்தான் கோழி ஒன்றை அறுத்து ரத்தத்தை இரண்டு பேர் நெற்றியிலும் தடவி, பெயரைப் பிள்ளைக்கு நிறுத்தினார். காய்ச்சல் மாத்திரையால் இறங்கியதோ கோழியால் இறங்கியதோ, இறங்கியது.

அதன் பிறகு அவள் இண்டாய் ரிந்தாவாகத்தான் இருந்தாள். களத்தில், துறையில், விருந்தில் எங்கும் அப்படித்தான் அழைத்தார்கள். தெரியாத வீட்டுக்காரர்கள் வந்து, “உங்க ரிந்தா எந்த ஊர்ல இருக்கா?” என்று கேட்பார்கள். “தூரமா இருக்கா” என்பாள். யாராவது சின்ன அம்புனைக் கூப்பிடும்போது மட்டும் அவள் தலை தானாகத் திரும்பும். பாதி திரும்பியதும் குனிந்து கையில் இருக்கிற வேலையைப் பார்ப்பாள். எத்தனை வருஷமானாலும் அந்தக் கழுத்து கேட்கவில்லை. மிண்டு அதைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவாள்.

சின்ன அம்புன் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கிய வருஷம் இண்டாய் ரிந்தா படுத்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே தங்கையிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். “ஒப்பாரியில அந்தப் பேரச் சொல்லக்கூடாதுன்னு சுலாவ்கிட்ட சொல்லிரு. பிள்ளை காதுல விழுந்தா அது உசிரும் கூட எழுந்து வந்துடும்.”

“சொல்லலன்னா அங்க உன்னை எப்படிக்கா தெரிஞ்சுக்குவாங்க? அம்மாவுக்கு உன்னை அம்புன்னுதானே தெரியும்?”

“பாத்தா தெரியாதா” என்றாள். அவளுக்கே அதில் நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை.

அவள் போனதும் உஞ்சி மகளைப் படகில் ஏற்றிக்கொண்டு அக்கரை வயற்குடிசைக்குப் போய்விட்டாள். சுலாவ் உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாட ஆரம்பித்தாள். அவளுக்கும் குரல் நடுங்கும் வயது. அடுப்படியில் விடைபெற்று, ஏணிமரம் இறங்கி, ஆறு கடந்து, மலை ஏறி, உயிரை நடத்திக்கொண்டு போனாள். விடியும் நேரத்தில் பாட்டு மறுவுலகத்து வீட்டு வாசலை அடைந்தது. அங்கே தாய் கதவுக்குப் பின்னால் நின்று கேட்க வேண்டும். அது பாட்டின் வழக்கம்.

“யாரம்மா வாசல்ல?” என்று தாயின் குரலில் பாடினாள்.

“ரிந்தாவின் அம்மா வந்திருக்கேன்.”

“ரிந்தான்னு எங்க வழியில யாருமில்லையே. நீ யாரு பெத்த பிள்ளை?”

சுலாவுக்கு அதற்கு மேல் அடி வரவில்லை. பெயரைச் சொன்னால் கதவு திறக்கும். பெயரைச் சொல்ல முடியாது. அவள் நிறுத்திவிட்டு மிண்டுவைப் பார்த்தாள். ஒப்பாரிக்கு நடுவில் வேறொருவர் பேசுவது எங்கள் வீட்டில் நடந்ததே கிடையாது.

மிண்டு செத்தவளின் காதுப் பக்கம் குனிந்தாள். பாடவில்லை. சாதாரணமாகப் பேசினாள்.

“அம்மா, உங்க மூத்தவதான். மிளகுக் கூடையோட போனாளே, அவ. முன்பல்லு இல்லன்னு பாக்காதீங்க. அவதான். கதவத் தொறங்க.”

சுலாவ் மூக்கைச் சிந்திவிட்டு, “மூத்தவ வந்திருக்கா, கதவத் தொறங்க” என்று அதையே பாட்டாக்கி முடித்தாள்.

புதுக் குடில் கட்டவில்லை. பழைய குடிலையே செப்பனிட்டு அதில் வைத்தார்கள். உள்ளே பாவாடை மக்கிப்போயிருந்தது. கொம்புச் சீப்பு அப்படியே இருந்தது. மிண்டு அதைத் துடைத்து அக்காளின் நரைத்த தலையில் செருகினாள்.

இடுகாட்டிலிருந்து திரும்பிய பிறகு அக்கரைக்கு ஆள் போயிற்று. படகு துறையில் ஒதுங்கியது. மிண்டு மேலே கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“அம்புன்!” என்று கூப்பிட்டாள். “காலக் கழுவிட்டு ஏறி வா.”

“வரேன்” என்றது ஒரு குரல்.

மிண்டு இன்னும் கொஞ்ச நேரம் துறையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.