பாசி செத்த குளம்

எழுபதுகளின் கடைசியில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் என் கணவர் ரைட்டராக இருந்தார். மருந்தடிக்கும் காலம் வந்தால் என் காய்கறிக் கத்தி காணாமல் போய்விடும். இலைத்துரு நோய்க்கு நீல மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் டிரம்மில் கரைப்பார்கள். பக்குவம் தெரிய இரும்பை அதில் முக்கி எடுப்பார்கள். துத்தத்தில் இருக்கும் செம்பு இரும்பில் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்று அர்த்தம். என் கத்தி செக்கச்செவேல் என்று வீடு திரும்பும். நான் வைவேன், அவர் சிரிப்பார்.

டிரம்களைக் கழுவுவது நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்குக் கீழே இருந்த குளத்தில். எல்லோருக்கும் குடிதண்ணீரும் அதுதான். குளம் நிறைய வேலம்பாசி இருக்கும். அதை விலக்கித்தான் குடத்தை முக்க வேண்டும். அந்த வருஷம் மருந்தடித்து முடித்த சில நாளில் பாசி பழுப்பேறி, கூழாகி, அடியில் போய்ப் படிந்தது. தண்ணீர் அடிமண் தெரியும் அளவுக்குத் தெளிந்துவிட்டது.

லைனில் ஒரே சந்தோஷம். பக்கத்து வீட்டுக்காரி குடத்தைத் தளும்பத் தளும்பத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"பாத்தீங்களாம்மா, கொளம் நொம்பச் சுத்தமாயிருச்சுங்க!"

எனக்கு அப்போது ஆறு மாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சிவந்த கத்திதான் கண்முன்னே வந்தது. பாசியைக் கொன்றது டிரம் கழுவிய மருந்துதான் என்று அவளிடம் சொன்னேன். மசக்கைக்காரி பேச்சு என்று சிரித்துவிட்டுப் போனாள். அன்று இரவு கணவரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, பாசியவே கொன்ன தண்ணி, வயித்துப் புள்ளைய விட்டு வெக்குமா?"

"பாசி போனா நல்லதுதான புள்ள. வேணும்னா காய்ச்சிக் குடி."

காய்ச்சினால் துத்தம் எங்கே போகும்? கத்தியில் ஏறியதையே புளி போட்டுத் தேய்த்தால்தான் போகிறது. எனக்கு வந்த கோபத்தில் மறுநாளே மேட்டு ஊற்றுக்குக் குடத்தோடு கிளம்பிவிட்டேன். பாதை முழுக்க ஈரச் சருகு. போனால் வழுக்கி விழும் பயம். போகாவிட்டால் தண்ணீர்ப் பயம். பிள்ளை அசையாத நாளில் எந்த வேலையும் ஓடாது. ஏற்கெனவே குடித்த தண்ணீரை நினைத்து நினைத்து மனசு வெந்துபோகும்.

மார்கழிக் குளிரில், விடிந்து வெயில் ஏறாத நேரத்தில், வீட்டிலேயே பெண் பிறந்தது. நன்றாகத்தான் அழுதாள். துணியை விலக்கிக் கையைப் பார்த்தேன். நகமெல்லாம் நீலம். மயில்துத்தத்தின் நீலம். நான் அலறிய அலறலில் வெளியே நின்ற கணவர் உள்ளே ஓடி வந்துவிட்டார்.

"குளுருதுங்க ரைட்டரே, வேறொண்ணுமில்ல," என்றார் பிரசவம் பார்த்த நர்சம்மா. என்னைப் பார்த்து, "பயப்படாத கண்ணு, சூடு பட்டாச் செவந்துரும்," என்றார்.

கணவர் இந்தமுறை சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, பிஞ்சு விரல்களை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்து ஊதிக்கொண்டே இருந்தார். விரல்கள் சிவந்த பிறகும் விடவில்லை.

அடுத்த முறை மருந்தடித்தபோது, குளத்துக்கு எட்டாத சரிவில் குழி வெட்டவைத்து, டிரம்களை அங்கேதான் கழுவவேண்டும் என்று கூடவே நின்றார். மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரி சலித்துக்கொண்டே வந்தாள்.

"கொளம் மறுபடி கெட்டுப்போச்சுங்கம்மா. ஒரே பாசி!"

குழந்தையை இடுப்பில் வைத்தபடி ஓவென்று அழுதுவிட்டேன். எனக்கு என்னவோ ஆகிவிட்டதென்று அவள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.