மதகைத் திறந்தது யார்

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. பிறவிக் குணம், என்ன செய்ய? விவசாய ஆபீசர் வந்து, "இது உப்பைத் தாங்குற நெல்லும்மா" என்று விதை மூட்டையை இறக்கியபோதுகூட நான் மூட்டையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தேன்.

இந்தத் தீவில் சௌல்தாரிப் பக்கம் எங்கள் வீடு. பின்னால் மேட்டில் பாக்குத் தோட்டம், அதற்குக் கீழே பள்ளத்து நிலம். என் அப்பா காட்டைத் திருத்தி என் பேருக்கு எழுதிவைத்தது. சுனாமியில் தரை இறங்கிய பிறகு, கடல் பொங்கி ஓதம் ஏறும்போதெல்லாம் உப்புத்தண்ணீர் ஓடை வழியாக வந்து வரப்பில் முட்டி நிற்கும். மழை பெய்கிற வரைக்கும் ஒன்றும் தெரியாது. மழை நின்றதும் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும், நெல் நுனி கருகும். வரப்பில் ஒரு மதகு உண்டு. ஓதம் வற்றும்போது பலகையைத் தூக்கி மழைத்தண்ணீரை வெளியே விடவேண்டும், ஏறும்போது இறக்கிவிட வேண்டும். அவ்வளவுதான் எங்கள் விவசாயம்.

ஆபீசர் போகும்போது ஒன்று சொன்னார். "நட்ட பிறகுதான் இது உப்பைத் தாங்கும். நாத்து பச்சைப்பிள்ளை மாதிரி. நல்ல தண்ணிதான் குடுக்கணும்."

என் வீட்டுக்காரருக்குத் தீவுக்குத் தீவு போகும் கப்பலில் வேலை. கப்பல் கரையில் நின்றால்தான் வீடு. அவர் அன்றே சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் நெல்லு வரலன்னா பள்ளத்த தாதாவுக்கே குடுத்துருவோம். இறால் போட்டுக்கட்டும்."

தாதா என்பது வரப்புக்கு அந்தப் பக்கத்து வங்காளிக்காரர்; அவர்கள் பாஷையில் தாதா என்றால் அண்ணன். இறால் குளம் வைத்திருக்கிறார். எப்போதும் சிரித்த முகம். அந்தச் சிரிப்பே எனக்கு ஆகாது. இறாலுக்கென்று உப்புத்தண்ணீரை ஒருமுறை தேக்கிவிட்டால் அந்த மண்ணில் பிறகு நெல்லை நினைத்தே பார்க்கமுடியாது. அப்பாவின் நிலம் குளமாகிப் போகும்.

மதகை ஒட்டிய மூலையில் நாற்று விட்டோம். பச்சைப் பாய் விரித்தாற்போல் முளைத்தது. கொஞ்ச நாளில் ஓரமெல்லாம் மஞ்சள் தட்டியது. நாற்றங்கால் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது! மதகுப் பலகையைப் பார்த்தேன், ஒழுங்காக இறங்கித்தான் இருந்தது. ஆனால் மேல்விளிம்பு வரை ஈரச்சேறு. யாரோ தூக்கிவிட்டுத் திரும்ப இறக்கியிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ! நேரே தாதாவிடம் போனேன். இங்கே எல்லோருக்கும் பொதுவாக இருக்கிற இந்தியில், வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். என் நிலத்தைக் கெடுத்துக் குளமாக்கப் பார்க்கிறாயா, உருப்படுவாயா என்று. அவர் வலையைக் கீழே வைத்தார்.

"மைனே நஹி கோலா, பாபி" என்றார். நான் திறக்கவில்லை, அண்ணி என்கிறாராம். பிறகு சிரிக்காமல் ஒன்று கேட்டார்: போன வாரம் உன் வீட்டுக்காரர் கப்பலில் ரங்கத் போயிருந்தபோது மதகு ஒருநாளாவது திறந்ததா?

எனக்குச் சுருக்கென்றது. போன வாரம் நாற்று பச்சையாகத்தான் இருந்தது.

மறுநாள் மத்தியானம் ஓதம் ஏறும் நேரம். பாக்கு மரங்களுக்குள் நின்று பார்த்தேன். என் வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். ஓத நேரம் கப்பல்காரருக்குச் சொல்லியா தரவேண்டும்? பலகையைத் தூக்கினார். கடல்தண்ணீர் சலசலவென்று நாற்றங்காலுக்குள் பாய்வதைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, பலகையை இறக்காமலே போய்விட்டார். நான் அசையவில்லை. சற்று நேரத்தில் தாதா வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். பலகையை இறக்கி, காலால் மிதித்து இறுக்கிவிட்டுப் போனார்.

வீட்டில் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன். அவர் ஆடு திருடினவர் மாதிரி முழித்தார்.

"கத்தாதடி. பழக்குறேன்."

"எதைப் பழக்குறீங்க?"

"மொத தடவ கப்பல் ஏறுனப்ப எனக்குக் கொடல் வெளிய வர்ற மாதிரி வாந்தி. அப்புறம் பழகலையா? சின்னதுலயே கொஞ்சம் கொஞ்சமா உப்பக் காட்டுனாத்தான் நாத்து தேறும். ஆபீசருக்குக் கடலப் பத்தி என்ன தெரியும்?"

"அப்ப ஏன் பலகைய எறக்காம வந்தீங்க? அதுவும் பழக்கமா?"

"மறந்துட்டேன்" என்றார்.

சொன்ன விதம் வெள்ளந்தியாகத்தான் இருந்தது. கப்பல்காரர் புத்தி அப்படிப் போகக்கூடியதுதான். ஆனால் ஓத நேரத்தை மறக்காதவருக்குப் பலகை மட்டும் எப்படி மறக்கும்? தினம் தினமா மறக்கும்? தாதாவிடம் போய், "மூடினது நீங்கதானே, ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். புருஷன் பெண்டாட்டி விஷயம் என்றார். நிலம் தனக்கு வந்தால் நல்லதுதான், ஆனால் இப்படி வேண்டாம் என்றார். அதையும் நான் முழுசாக நம்பவில்லை. இருந்தாலும் அந்த வருஷம் எங்கள் பாக்கில் ஒரு பை அவர் வீட்டுக்குப் போனது.

பாதி நாற்று போய்விட்டது. மிச்சத்தை நானே நின்று நட்டேன். ஆபீசர் சொன்னது பொய்யில்லை. மழை நின்று மண் வெளுத்த பிறகும் அது நுனி கருகாமல் நின்று கதிர் பிடித்தது. அங்கங்கே சொட்டைதான், ஆனாலும் நெல். புதுச்சோற்றை அவர் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். பள்ளத்தைக் கொடுக்கிற பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த மழைக்கு முன்னால் மதகுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். ஒருநாள் காலையில் நல்ல மழை விட்டிருந்தது. அவர் வந்து, "ஓதம் வத்திருச்சு. தண்ணிய வெளிய விடணும். சாவி எங்க?" என்று கேட்டார்.

சேலைக்குள்ளிருந்து தாலிக்கொடியை வெளியே எடுத்தேன். ஊக்கோடு சாவியும் தொங்கியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடு, நான் போய்த் தொறக்குறேன்" என்றார்.

"நானும் வர்றேன்" என்றேன். வரப்பில் அவரை முன்னால் போகச் சொல்லிவிட்டுப் பின்னாலேயே நடந்தேன்.