கார் கொட்டகையில் விழுந்த பச்சை

எங்கள் நகராட்சி அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பேர். யார் வரைந்த வரைபடமானாலும் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் குற்றம் கண்டுபிடிப்பாள். பக்கத்து மேஜைக்காரனான எனக்கு அவளிடம் பயம். பொறியாளருக்கும்தான், அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அலுவலகப் பின்சுவரை ஒட்டிச் சந்தை. அதில் முதல் கடை அவள் தங்கையின் தையல் கடை. சந்தையில் கழிப்பறை கிடையாது. காலையில் கடை திறந்தால் வீடு திரும்பும்வரை அடக்கிக்கொண்டே தைப்பாள். ஒரே வருடத்தில் இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்து ஆஸ்பத்திரியில் படுத்தாள். அதனால் சந்தைக்குக் கழிப்பறை கட்ட இடம் பார்க்கச் சொல்லி உத்தரவு வந்ததும் பூதக்கண்ணாடி வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள்.

வரைபட மென்பொருளுக்குள் பைத்தான் என்ற நிரல்மொழியில் அவளே ஒரு கருவி எழுதினாள். அது ஊரைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, தண்ணீர்க் குழாய், சாக்கடை, பொது நிலம், சந்தையிலிருந்து நடை, வீடுகளிலிருந்து தூரம் என்று ஐந்து விஷயத்துக்கும் மதிப்பெண் போடும். எது எவ்வளவு முக்கியம் என்று நூறைப் பங்கு பிரித்துக் கொடுத்தால், கூட்டிப் பார்த்துப் பொருத்தமான கட்டத்தைப் பச்சையாகக் காட்டும்.

பொறியாளர் வந்து உட்கார்ந்தார். வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்களே என்பது ஒன்றே அவர் கவலை. வீடுகளிலிருந்து தூரத்துக்குத் தொண்ணூறு, மற்ற நான்குக்கும் தலா பத்து என்று தட்டினார். திரையில் சிவப்பாக ஒரு செய்தி வந்தது: "கூட்டத் தெரியாதா? இருக்கிறதே நூறுதான்." சோதனைக்காகத் தனக்குத்தானே எழுதிவைத்ததை அவள் எடுக்க மறந்திருந்தாள். நான் குனிந்து செருப்பைத் தேடினேன்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொது நிலத்துக்கு மட்டும் பத்தைக் கொடுத்தார். ஏரியின் நடுவில் பச்சை விழுந்தது.

"நல்ல இடம் சார். போறவங்களுக்கு ஒரு படகு மட்டும் வாங்கிக் குடுத்திடலாம்," என்றாள்.

"வாய் ஜாஸ்தி உனக்கு. நீயே போடு!"

ஐந்துக்கும் சமமாக இருபது போட்டாள். பின்சுவரை ஒட்டிய கார் கொட்டகை பச்சையானது.

"இது என் கார் நிக்கிற இடம்! வேணும்னே பண்ணியிருக்கே," என்று எகிறியவர், என் பக்கம் திரும்பினார். "நீங்க வரி வரியா பாருங்க. ஒரு தப்பு இருந்தாலும் இந்தக் கருவியே வேண்டாம். ஊர்க்கோடியில கட்டிக்கலாம்."

எல்லாம் சரியாக இருந்தது, ஒரு வரியைத் தவிர. நடைதூரத்தை எங்கிருந்து அளப்பது என்பதற்கு 'சந்தை மையம்' என்று ஒரு புள்ளி. பெரிதாக்கிப் பார்த்தேன். அது தங்கையின் தையல் மிஷின்மேல் உட்கார்ந்திருந்தது.

"இதுவா சந்தைக்கு மையம்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எனக்கு அதுதான் மையம்," என்றாள். அவள் குரல் கெஞ்சி நான் கேட்டது அன்றுதான். எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

புள்ளியை நிஜமான நடுவுக்கு நகர்த்தி ஓட்டினேன். பச்சை சந்தையின் மறுகோடிக் காலி மனைக்குத் தாவியது. சொன்னால் கருவியும் போச்சு, கழிப்பறையும் ஊர்க்கோடிக்குப் போச்சு.

"சுத்தமா இருக்கு சார்," என்றேன். நான் சொன்ன பொய்களிலேயே எனக்குப் பிடித்தது அது.

ஆறு மாதத்தில் கொட்டகை போய், சுவரை இடித்துச் சந்தைப் பக்கம் வாசல் வைத்து, கழிப்பறை திறந்தது. பொறியாளரின் கார் வெயிலில் காய்ந்தது. மறுவாரமே தங்கை ஒரு புகார் மனுவோடு எங்கள் பிரிவுக்குள் நுழைந்தாள்.

"அக்கா, யாரு இதுக்கு இடம் பார்த்தது? என் கடை மூக்குக்கு நேரா கொண்டுவந்து வச்சிருக்காங்க. கொஞ்சமாவது மூளை வேண்டாம்?"

பூதக்கண்ணாடி மனுவை விரித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள். பேனாவை எடுத்த தங்கை சட்டென்று அதைக் கீழே வைத்தாள்.

"இரு, போயிட்டு வந்து போடறேன்," என்று கழிப்பறைப் பக்கம் விறுவிறுவென்று நடந்தாள்.