மருந்தடியாத முந்திரிகை

போத்தலைக் கழுத்தில் பிடித்துத் தூக்குவது அஞ்சலீனாவுக்குப் பிடிக்காது. இரண்டு கையாலும் அடியைத் தாங்கி எடுத்து, லேபிள் வாடிக்கையாளரைப் பார்க்கும்படி மேசையில் வைப்பார். பிறகுதான் பேச்சு. "இந்த வைனுக்குக் கணவாய்மீன் பிரட்டல் சரி. ஆட்டிறைச்சியெண்டா இதைத் தொடாதேங்கோ."

லண்டன் டூட்டிங்கில் இரண்டு மளிகைக்கடைகளுக்கு நடுவே ஒடுங்கி நிற்கிறது அவருடைய மதுக்கடை. வயது ஐம்பத்துமூன்று. ஞாயிறு பூசைக்குப் போடும் அதே சாம்பல்நிறக் கார்டிகன்தான் கடையிலும். "பொம்பிளை சாராயம் விக்கலாமோ?" என்று தேவாலய வாசலில் கேட்டவர்களுக்கு, "விக்கிறன். ஊத்திக் குடுக்கேல்லை" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவார்.

வைனை அவர் படித்தது புத்தகத்தில் அல்ல. ஒன்பது வருடம் பிரான்சின் தெற்கே, கடலுக்குக் கிட்ட, சிறு தோட்டக்காரர்கள் சேர்ந்து நடத்திய ஒரு கூட்டுறவில் கூலிக்கு நின்றவர். அவர் பழம் பறித்தார். கணவர் சற்குணம் முதுகில் தொட்டியை மாட்டிக்கொண்டு கொடிகளுக்கு மருந்தடித்தார். ஏழாம் வருடம் சற்குணத்தின் இரத்தத்தில் புற்றுநோய் கண்டது. எதனால் என்று எந்த வைத்தியரும் எழுதித் தரவில்லை. "மருந்தடிச்ச மனுசன், மருந்து ஏத்தி ஏத்தியே போயிட்டார்." என்பார் அஞ்சலீனா. கணவரை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு லண்டனுக்கு வந்தார்.

2009 வசந்தத்தில் அதே கூட்டுறவின் வெள்ளை வைன் ஒன்று சந்தைக்கு வந்தது. இரசாயன மருந்தை நிறுத்தி மூன்று வருடம் கழித்து எடுத்த முதல் வைன். வெளிறிய நிறம், நாரத்தங்காய்த் தோல் மணம், முடிவில் மெல்லிய உப்பு. அஞ்சலீனா இரண்டு பெட்டி எடுத்தார்.

"ஆர்கானிக்னா என்னம்மா வித்தியாசம்?" என்று கேட்டார் ஜம்புநாதன், சென்னைக்கார டாக்டர்.

"மருந்தடியாத முந்திரிகை."

"முந்திரியா? முந்திரில வைன் போடுவாங்களா?"

"திராட்சை, டொக்டர்." டாக்டர் சிரித்தார். அஞ்சலீனா சிரிக்கவில்லை.

யூன் மாதம். வன்னியில் போர் எல்லாம் முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன; கடைக்கு வரும் தமிழர் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. ஒரு மத்தியானம், வெயிலில் காய்ந்த முகத்தோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவர் உள்ளே வந்து தொப்பியைக் கழற்றினார். பஸ்கால். அந்த நாளில் பிரான்சுத் தோட்டத்து மேற்பார்வையாளர்; இப்போது கூட்டுறவின் தலைவர். வைன் கண்காட்சிக்கு வந்தவர், அஞ்சலீனாவின் பெயரைக் கொள்வனவுப் பட்டியலில் பார்த்துத் தேடி வந்திருக்கிறார்.

அஞ்சலீனா பழைய பிரெஞ்சைத் தட்டித் தடவி எடுத்தார். "அவருக்காகவோ மருந்தை நிப்பாட்டினீங்கள்?"

"இல்லை" என்றார் பஸ்கால். "பொய் சொல்ல வரவில்லை. மண் செத்துக்கொண்டிருந்தது, வாங்குகிறவர்களும் கேட்டார்கள். ஆனால் வாக்கெடுப்பு நடந்த அன்று நான் எழுந்து அவர் பெயரைச் சொன்னேன். என்னிடம் ஒருநாள் அவர் முகமூடி கேட்டார். நாளைக்குத் தருகிறேன் என்றேன்."

முகமூடி கேட்ட கதையைச் சற்குணம் வீட்டில் சொன்னதே இல்லை.

"எத்தினை நாள் கழிச்சுக் குடுத்தீங்கள்?"

"கொடுக்கவேயில்லை."

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் பியர் வாங்க வந்தாள். அஞ்சலீனா பியரைப் பையில் போட்டு, மிச்சக்காசை எண்ணிக் கொடுத்து, கதவு சாத்தும்வரை பார்த்து நின்றார். பஸ்கால் தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கித் திரும்பினார்.

"இருங்கோ" என்றார் அஞ்சலீனா. தமிழில் சொன்னது அவருக்கே தெரியவில்லை. கிழவருக்குப் புரிந்துவிட்டது.

உள்ளறைக்குப் போய்ச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். சோற்றை இரண்டு தட்டில் பிரித்தார். குழம்பில் மீன் ஒரு துண்டுதான் இருந்தது. அவசரப்படாமல் அதன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, முழுவதையும் பஸ்காலின் தட்டில் வைத்தார்.